ஏர் இன்டேக் மாற்றியதும் பிக்கப் போச்சா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

கம்பெனி ஏர் பாக்ஸை (காற்று வடிகட்டிப் பெட்டியை) கழற்றிவிட்டு, கூம்பு வடிவக் கோன் ஃபில்டர் கிட் மாட்டிய அன்று சாயங்காலம் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆக்சிலேட்டரை மிதித்தால் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு உறிஞ்சும் சத்தம் வரும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நண்பர் திரும்பிப் பார்ப்பார், செலவழித்த காசு வசூலாகிவிட்டது மாதிரி இருக்கும். மறுநாள் காலை ஆபீஸ் போகும்போது, ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கி, இரண்டாவது கியரிலேயே விட்டு மிதிக்கும்போதுதான் சந்தேகம் வரும். முன்பெல்லாம் இந்த இடத்தில் வண்டி இப்படி முக்காதே?

எனக்கும் அதே கதைதான். 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், டர்போ இல்லை. கிட் மாட்டி நான்கு மாதம் ஓட்டினேன். அதில் மூன்று மாதம் "பழகிவிடும்" என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கோளாறு இருந்த இடம் நான் சந்தேகப்பட்ட இடமே இல்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

இதைப் புரிந்துகொள்ளாமல் தேட ஆரம்பித்தால் கண்டதையும் மாற்றிக் காசைத் தொலைப்பீர்கள்.

நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். 1.2 லிட்டர் இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 750 முறை, அதாவது 900 லிட்டர், நொடிக்கு 15 லிட்டர். அதுவும் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தால்தான். பாதி மிதித்தால் இன்னும் குறைவு. அதே இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 60 லிட்டர் கேட்கும். கம்பெனி ஏர் பாக்ஸ் அந்த 60 லிட்டருக்கு ஈடுகொடுக்கச் செய்தது. அதற்கு 15 லிட்டர் ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே குறைந்த வேகத்தில் புது ஃபில்டருக்கு உதவி செய்யவும் வேலை இல்லை, கெடுக்கவும் நேரடியாக வழி இல்லை. "பேக் பிரஷர் குறைந்துவிட்டது, அதனால்தான் டார்க் (இழுவிசை) போச்சு" என்று ஃபிட்டிங் கடையில் சொல்வார்கள். பேக் பிரஷர் என்பது புகைக்குழாய் பக்கத்துப் பேச்சு, காற்று உள்ளே வரும் பக்கத்துக்கு அதைக் கொண்டுவருவதில் அர்த்தமே இல்லை. இழுவை நிஜமாகவே போயிருந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: உள்ளே போகிற காற்று சூடாக இருக்கிறது, போகிற காற்றை இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தப்பாக அளக்கிறது, அல்லது எங்கோ ஒரு ஓட்டை. நான்காவதாக ஒன்று உண்டு, அது வண்டியில் இல்லை, நம் காதில் இருக்கிறது.

கையில் என்ன வேண்டும்

ஓபிடி போர்ட்டில் (கோளாறு பார்க்க காரிலேயே இருக்கும் சாக்கெட்) செருகுகிற சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று (இஎல்எம்327 வகை போதும்), போனில் அதற்கான செயலி, 10 நம்பர் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், டார்ச், சோப்புத் தண்ணீர் அடைத்த ஸ்ப்ரே பாட்டில். எல்லாவற்றையும் விட முக்கியம், கழற்றிய பழைய ஏர் பாக்ஸ். அதை எடைக்குப் போட்டிருந்தால் முதலில் போய் இன்னொன்று தேடிப் பிடியுங்கள், அது இல்லாமல் பாதி சோதனை நடக்காது.

நிஜமாகவே போயிருக்கிறதா?

மனசுக்குத் தோன்றுவதை நம்பாதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையைத் தேர்ந்தெடுங்கள். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, ஏசி அணைத்து, மூன்றாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்து, முழுக்க மிதித்து 60 வரை எத்தனை நொடி என்று பாருங்கள். ஸ்டாப்வாட்சைப் பக்கத்தில் இருப்பவர் அழுத்தட்டும், ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும். ஸ்கேனர் செயலியில் வேகத்தைப் பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது. போகும்போது மூன்று முறை, திரும்பி வரும்போது மூன்று முறை. காற்று வீசும் திசையும் கண்ணுக்குத் தெரியாத சரிவும் இப்படித்தான் கழியும். பிறகு பழைய பாக்ஸை மாட்டி, அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே வெயிலில், அதே ஆறு முறை.

இரண்டுக்கும் வித்தியாசம் கால் நொடிக்குள் இருந்தால் இழுவை எங்கும் போகவில்லை, நேராகச் சத்தம் பற்றிய பகுதிக்குப் போங்கள். அரை நொடி, ஒரு நொடி என்று தெளிவாகத் தெரிந்தால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஃபிட்டிங் செய்யும்போது பேட்டரி ஒயரைக் கழற்றியிருப்பார்கள். இசியு கற்று வைத்திருந்த சரிக்கட்டல்கள் அதோடு அழிந்துவிடும். முதல் இரண்டு மூன்று நாள் ஐடிலிங் கொஞ்சம் தடுமாறுவதும் கிளம்பும்போது இழுவை மந்தமாக இருப்பதும் அதனால் இருக்கலாம். ஒரு நூறு கிலோமீட்டர் டவுனிலும் ஹைவேயிலும் கலந்து ஓட்டிவிட்டுச் சோதனையை ஆரம்பியுங்கள்.

காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் டிராஃபிக்கில் படுத்துவிடுகிறது

இது சூடு. இவ்வளவு தெளிவான அறிகுறி வேறு எதற்கும் கிடையாது.

கம்பெனி பாக்ஸ் முன் கிரில் பக்கத்திலிருந்து மூக்கு நீட்டி வெளிக்காற்றை எடுக்கும். குட்டைக் குழாய் வைத்த கோன் ஃபில்டர் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ரேடியேட்டர் ஃபேன் தள்ளிவிடுகிற அனல் காற்றை எடுக்கும். வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் அடர்த்தி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் குறையும், ஆனால் கணக்கைச் செல்சியஸில் போடக்கூடாது, கெல்வினில் (செல்சியஸோடு 273 கூட்டியது) போட வேண்டும்: 308-ஐ 338-ஆல் வகுத்தால் 0.91. ஒவ்வொரு இழுப்பிலும் ஒன்பது சதவீதக் காற்று குறைகிறது. தோராயமாக 3 டிகிரி ஏறினால் ஒரு சதவீதம் போச்சு என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாதி மிதித்து ஓட்டும்போது அந்த ஒன்பது சதவீதம் பெரிதாகத் தெரியாது, கால் தானாகவே கொஞ்சம் கூடுதலாக அழுத்திக்கொள்ளும். தெரிவது முழுக்க மிதிக்கும்போதுதான். அதைவிடப் பெரிய அடி இக்னிஷன் டைமிங்கில் (பிளக் தீப்பொறி விடும் நேரத்தில்) விழுகிறது. குறைந்த ஆர்பிஎம்மில், அதிகச் சுமையில், சூடான காற்றோடு ஓடும் இன்ஜின் நாக் (பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது) அடிக்கத் துடிக்கும். டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம். இசியு அதற்கு முன்னாலேயே, காற்று சூடு என்று சென்சார் சொன்ன உடனேயே, டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். நாக் காதில் கேட்காது, இழுவை மட்டும் காணாமல் போகும். ஏசி போட்டால் கண்டென்சர் சூடும் சேர்ந்துகொள்ளும், கம்ப்ரெசர் வேறு இன்ஜினிலிருந்து திருடும், சிக்னலில் கிளட்சை விட்டால் வண்டி பெருமூச்சு விடும்.

ஸ்கேனரில் இன்டேக் ஏர் டெம்பரேச்சரைத் திறந்து வையுங்கள். சமதளத்தில் 60-ல் ஐந்து நிமிடம் ஓட்டும்போது அது வெளி வெப்பத்தைவிட ஏழெட்டு டிகிரிக்குள் இருந்தால் பரவாயில்லை. அப்புறம் ஐந்து நிமிடம் நிறுத்தி ஐடிலில் விட்டு எவ்வளவு ஏறுகிறது, மறுபடி கிளம்பினால் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பளபளக்கும் அலுமினியக் குழாய் என்றால் ஏறியது சீக்கிரம் இறங்காது, குழாயே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பெனி பிளாஸ்டிக் குழாய் அசிங்கமாக இருந்தாலும் அந்த விஷயத்தில் கெட்டிக்காரன்.

சரி செய்வது எப்படி? ஃபில்டரை இன்ஜினிலிருந்து பிரிக்க ஒரு தடுப்பு வேண்டும். தகடு வேலை செய்கிற கடையில் அலுமினியத் தகடு வளைத்து வாங்கி, பானெட்டைத் தொடும் விளிம்பில் கார் கதவு ரப்பர் பீடிங் செருகினால் போதும். அந்தத் தடுப்புக்குள் வெளிக்காற்று வர வழி இருக்க வேண்டும், இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கம்பெனி பாக்ஸின் மூக்குக் குழாயைத் தூக்கிப் போட்டிருந்தால் மறுபடி எடுத்து அதே இடத்தில் மாட்டுங்கள். தடுப்பு மட்டும் வைத்து மூக்கு இல்லாவிட்டால் அது அடுப்புக்கு மூடி போட்ட மாதிரிதான்.

எந்நேரமும் மந்தம், செக் இன்ஜின் லைட்டும் எரியவில்லை

இதுதான் என் கதை.

காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சார், அதாவது ஐஏடி சென்சார், சில கார்களில் இன்டேக் மேனிஃபோல்டிலேயே (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) இருக்கும், அப்படியானால் தப்பித்தீர்கள். சில கார்களில் கம்பெனி ஏர் பாக்ஸின் உடம்பில் செருகியிருக்கும். கிட் குழாயில் அதற்கு ஓட்டை இருக்காது, அல்லது ஓட்டை இருந்தும் ரப்பர் வளையம் பொருந்தாது. அவசரத்தில் ஃபிட் செய்கிறவர் என்ன செய்வார்? ஒயரோடு தொங்கவிட்டு ஒரு கேபிள் டை போட்டுக் கட்டிவிடுவார். என் வண்டியில் அது ரேடியேட்டர் ஃபேனுக்குப் பின்னால், ஒயர்க் கட்டோடு சேர்த்து, கறுப்பு டேப் சுற்றி நன்றாகவே கட்டியிருந்தது. வெளியே 33 டிகிரி இருந்த ஒரு சாயங்காலம் ஸ்கேனர் 71 காட்டியது. ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் 46.

இசியு பாவம் என்ன செய்யும், அதற்குச் சொல்லப்பட்ட பொய்யை நம்பியது. 71 டிகிரிக் காற்று என்றால் அடர்த்தி குறைவு என்று பெட்ரோலைக் குறைத்தது, நாக் வரும் என்று டைமிங்கைப் பின்னுக்கு இழுத்தது. பெட்ரோல் குறைந்ததைப் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிக்கட்டிவிட்டது. டைமிங்கைச் சரிக்கட்டத்தான் யாரும் இல்லை. எந்த அளவும் வரம்பைத் தாண்டவில்லை, அதனால் லைட் எரியவில்லை. மூன்று மாதம் நான் ஃபில்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். குழாயில் ஓட்டை போட்டு, சரியான ரப்பர் வளையம் வைத்து, சென்சாரைக் காற்றோட்டத்துக்குள் செருகியதும் பாதிக் குறை தீர்ந்தது. மீதிப் பாதி மேலே சொன்ன சூடு.

சோதிப்பது சுலபம். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவியை ஆன் மட்டும் செய்து, கிளப்பாமல் பாருங்கள். இன்டேக் வெப்பநிலையும் கூலன்ட் வெப்பநிலையும் வெளி வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தால் சென்சார் நல்லது, அது இருக்கிற இடம்தான் தப்பு. மைனஸ் 40 காட்டினால் சென்சார் இணைப்பே இல்லை, பிளக் கழன்றிருக்கிறது அல்லது ஒயர் அறுந்திருக்கிறது.

லேசாக மிதித்தால் சரி, முழுக்க மிதித்தால் இடறுகிறது

இதற்கு முன் உங்கள் கார் காற்றை எப்படி அளக்கிறது என்று தெரிய வேண்டும். ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) நடுவில் குழாய்மேல் ஒரு சென்சார், நாலைந்து ஒயரோடு இருந்தால் அது மாஃப், போகிற காற்றின் எடையை நேரடியாக அளப்பது. அங்கே ஒன்றும் இல்லாமல் மேனிஃபோல்டில் மட்டும் சென்சார் இருந்தால் அது மேப், அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்குப் போடுவது. மேப் மட்டும் உள்ள வண்டிக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

மாஃப் சென்சாருக்குள் ஒரு சூடான கம்பியோ படலமோ இருக்கும். அதன் மேல் ஓடுகிற காற்று அதைக் குளிர்விக்கிற அளவை வைத்து மொத்தக் காற்றை ஊகிக்கும். அது பார்ப்பது குழாயின் நடுவில் ஒரு சின்ன இடத்தை மட்டும்தான். குழாயின் உள்விட்டம் இவ்வளவு என்று தெரிந்துதான் கம்பெனியில் அளவுக்கணக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் 63 மில்லிமீட்டர் குழாயை எடுத்துவிட்டு 76 மில்லிமீட்டர் குழாயில் அதே சென்சாரைச் செருகினால் பரப்பு 45 சதவீதம் கூடிவிடும், அதே அளவு காற்றுக்கு வேகம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். சென்சார் காற்றே குறைவு என்று நினைக்கும், பெட்ரோல் குறையும், கலவை லீன் (காற்றுக்குப் பெட்ரோல் போதாதது) ஆகும்.

லேசாக மிதிக்கும்போது ஆக்சிஜன் சென்சார் காப்பாற்றும், 14.7-க்கு 1 என்ற விகிதத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். முழுக்க மிதிக்கும்போது இசியு அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டு மாஃப் சொன்னதை நம்பிப் பெட்ரோல் ஊற்றும். அங்கேதான் இடறல். அதோடு, டைமிங்கைக் கணக்கிடும் சுமை அளவும் மாஃபிலிருந்து வருவதால் அதுவும் கோணலாகும்.

ஃப்யூல் டிரிம் என்ற அளவைப் பாருங்கள், இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்பது அது. குறுகிய கால டிரிம்மையும் நீண்ட கால டிரிம்மையும் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டல் கழித்தல் 5-க்குள் இருந்தால் ஆரோக்கியம், 10-ஐத் தாண்டினால் தேட வேண்டும். ஐடிலிலும் 2500 ஆர்பிஎம்மிலும் பிளஸ் 15, 20 என்று ஒரே மாதிரி இருந்தால் குழாய் விட்டம்தான். இதற்கு உண்மையான மருந்து, சென்சார் உட்காரும் இடத்தில் கம்பெனி விட்டமே இருக்கும் கிட், அல்லது இசியுவில் மாஃப் கணக்கைத் திருத்தி எழுதுவது. "ஓட்ட ஓட்ட செட் ஆகிடும்" என்பது மருந்து இல்லை.

இன்னொரு காரணம் எண்ணெய். காட்டன் ஃபில்டரைக் கழுவிவிட்டு எண்ணெய் தாராளமாக ஊற்றிவிடுவார்கள், அது துளித்துளியாகப் போய்க் கம்பியில் படியும், அதன் மேல் தூசி ஒட்டும், கம்பி போர்வை போர்த்திக்கொண்ட மாதிரி காற்றின் குளிர்ச்சியை உணராது. கழுவிய ஒரு வாரம், பத்து நாளில் மந்தம் ஆரம்பித்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சென்சாரைக் கழற்றி, மாஃப் கிளீனர் என்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடித்து, கால் மணி நேரம் தானாகக் காயவிட்டு மாட்டுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம். பட்ஸ் விட்டுத் துடைப்பது வேண்டவே வேண்டாம், அந்தக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, புது சென்சார் விலையைக் கேட்டால் கிட்டின் விலையே பரவாயில்லை என்று தோன்றும்.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, கிளம்பும்போது ஒரு குலுக்கல்

ஓட்டை. அநேகமாக பிரீதர் ஹோஸ்.

இன்ஜின் தலையிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் கம்பெனி ஏர் பாக்ஸுக்கோ அதன் குழாய்க்கோ வரும். கிட் மாட்டும்போது அதை எங்கே செருகுவது என்று தெரியாமல், இன்ஜின் தலையில் இருக்கும் மூக்கில் எலுமிச்சம்பழம் அளவு குட்டி ஃபில்டர் ஒன்றை மாட்டிவிடுவார்கள். பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும். மாஃப் வண்டியில் அந்த ஹோஸ் அளந்த காற்றைத்தான் இன்ஜின் அடிவயிற்றுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது, இப்போது குட்டி ஃபில்டர் வழியாக அளக்காத காற்று போய், பிசிவி வால்வு வழியே மேனிஃபோல்டுக்கு வந்து சேரும். கணக்கில் வராத காற்று என்றால் லீன். குட்டி ஃபில்டரைக் கழற்றி, ஹோஸை மாஃபுக்குப் பிறகான குழாயில் ஒரு மூக்கு வைத்து இணையுங்கள்.

மற்ற ஓட்டைகளுக்கு சோப்புத் தண்ணீரை நம்பாதீர்கள், வெற்றிடம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், நுரை வராது. ஆனால் ஸ்ப்ரே பட்ட இடத்தில் ஒரு கணம் ஐடிலிங் மாறினாலோ 'ஸ்ஸ்' சத்தம் அடங்கினாலோ ஓட்டை அங்கேதான். நுரை வேலைக்கு ஆவது டர்போவுக்குப் பிறகான குழாய்களில், அதுவும் இன்ஜினை அணைத்து வெளியிலிருந்து கொஞ்சம் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தால்.

டிரிம்மும் இங்கே நன்றாக ஜாடை காட்டும். ஐடிலில் பிளஸ் 18, 2500-ல் பிளஸ் 4 என்றால் த்ராட்டிலுக்குப் பின்னால் ஓட்டை: ஓட்டை வழியே வருவது கொஞ்சம்தான், மொத்தக் காற்று குறைவாக இருக்கும்போது அது பெரிதாகத் தெரியும், கூடும்போது கரைந்துவிடும். நேர்மாறாக, ஆர்பிஎம் ஏற ஏற டிரிம்மும் ஏறினால் அழுக்கு மாஃப் அல்லது பலம் குறைந்த பெட்ரோல் பம்ப்.

மேப் வண்டியில் த்ராட்டிலுக்கு முன்னால் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தாலும் பிக்கப் மாறாது. ஃபில்டரைத் தாண்டி வரும் தூசி மட்டும் சிலிண்டருக்குள் போய் வளையங்களைத் தேய்க்கும், அது தெரிய வருஷங்கள் ஆகும். ஆகவே அங்கும் கிளாம்ப் டைட்டாக இருக்கட்டும்.

ஓட்டையே இல்லாமல் ஐடிலிங் துள்ளினால், வளைவு முடிந்த உடனே மாஃப் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனிக் குழாயில் சென்சாருக்கு முன்னால் தேன்கூடு மாதிரி ஒரு வலை இருந்திருக்கும், சுழன்று வரும் காற்றை நேராக்குவதற்கு. கிட்டில் அது இருக்காது.

செக் இன்ஜின் லைட்

ஸ்கேனர் காட்டும் கோடு பி0171 என்றால் கலவை லீன், மேலே சொன்ன இரண்டு பகுதிகளும். பி0101, பி0102 மாஃப். பி0113 ஐஏடி இணைப்பு இல்லை, பெரும்பாலும் பிளக் செருக மறந்தது. பி0300 மிஸ்ஃபயர், அது லீனால் வந்ததா பிளக்கால் வந்ததா என்று டிரிம் பார்த்து முடிவு செய்யுங்கள். லைட்டை அழித்துவிட்டு வண்டியைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

டீசல்காரர்களுக்கு

டீசலில் பெட்ரோல் மாதிரி த்ராட்டில் கட்டுப்பாடு இல்லை, ஆனால் மாஃப் உண்டு, ஈஜிஆருக்கும் (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) புகையைக் கட்டுப்படுத்தவும். மாஃப் குறைவாகக் காட்டினால், இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு டீசல் போட்டால் புகை வரும் என்று இசியு டீசலைக் குறைக்கும். டர்போ விழிப்பதற்கு முன் அந்த 1200-லிருந்து 1800 வரையிலான பகுதி இன்னும் பள்ளமாகும். நம்மூரில் பல கம்பெனிக் கார்களில் வந்த 1.3 மல்டிஜெட் இன்ஜின் 2000-க்குக் கீழே இயல்பிலேயே தூங்குமூஞ்சி, அதில் இதுவும் சேர்ந்தால் சிக்னலில் ஆட்டோக்காரர் முந்துவார். மந்தத்தோடு கறுப்புப் புகையும் இருந்தால் கதை வேறு: டர்போவுக்குப் பிறகு ஹோஸ் ஏதோ ஒன்று கழன்று அளந்த காற்று வெளியே போகிறது. கிட் மாட்டும்போது இடைஞ்சலாக இருந்த ஹோஸைக் கழற்றி மாட்டியிருப்பார்கள், அந்த கிளாம்பை முதலில் பாருங்கள்.

மலையில் மட்டும் இழுக்கவில்லை

கிட் மாட்டிய வாரமே ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ கிளம்பிவிடுவோம், சோதித்துப் பார்க்க. அங்கே இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவு ஏறும்போது இழுக்கவில்லை என்று ஃபில்டரைத் திட்டுவோம். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் காற்று ஏறக்குறைய ஒரு சதவீதம் மெலியும். டர்போ இல்லாத எந்த இன்ஜினும் மேலே போகப்போக இழுவையில் சுமார் 14, 15 சதவீதத்தை இழக்கும், கம்பெனி பாக்ஸ் இருந்தாலும் இழக்கும். கொல்லிமலையின் 70 வளைவில் கடைசிப் பத்து கனமாக இருப்பது உங்கள் கற்பனை இல்லை, ஆனால் கிட்டின் குற்றமும் இல்லை. ஒப்பிட வேண்டுமானால் அடிவாரத்து முதல் ஐந்து வளைவை ஒப்பிடுங்கள்.

ஃபில்டர் காற்றைத் தடுக்கிறதா என்று பார்க்க மேப் வண்டியில் இன்னொரு வழியும் இருக்கிறது. 1500 ஆர்பிஎம்மில் முழுக்க மிதிக்கும்போது மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பாருங்கள். கிளப்பாமல் சாவி மட்டும் ஆன் செய்தபோது காட்டிய அளவுக்கு இரண்டு மூன்று கிலோபாஸ்கலுக்குள் இருந்தால் காற்று தடையில்லாமல் வருகிறது. ஃபில்டர் அடைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரே ஒரு ஆர்பிஎம்மில் மட்டும் பள்ளம்

1800 ஆர்பிஎம்மில் நன்றாக, 2200-ல் தொய்வு, 2600-ல் மறுபடி நன்றாக. இது அலை விஷயம். வால்வு திறந்து மூடும்போது குழாய்க்குள் அழுத்த அலை ஒலி வேகத்தில் போய்த் திரும்பும். சரியான நேரத்தில் திரும்பினால் கூடக் கொஞ்சம் காற்றைத் தள்ளிவிடும், தப்பான நேரத்தில் திரும்பினால் இழுத்துக்கொள்ளும். நீளக் குழாய் குறைந்த வேகத்துக்கு, குட்டைக் குழாய் அதிக வேகத்துக்கு. 1960-ல் கிறைஸ்லர் 300எஃப் காரில் 30 அங்குலக் குழாய்கள் இன்ஜினுக்கு மேலே குறுக்காக ஓடின, 375 குதிரைத்திறன், உச்ச டார்க் 2800-லேயே வந்துவிடும். அதே குழாயின் உள்சுவரில் பாதியை எடுத்து, அலைக்கு அது 15 அங்குலமாகத் தெரியும்படி செய்ததும் 400 குதிரைத்திறன் ஆனது, ஆனால் உச்ச டார்க் குறைந்து 3600-க்கு மேலேறிப் போனது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

உங்கள் கிட் அந்த மேனிஃபோல்டுக் குழாய்களைத் தொடுவதே இல்லை, த்ராட்டிலுக்கு முன்னால் இருப்பதைத்தான் மாற்றுகிறது, அதனால் விளைவும் சிறியது. ஆனால் கம்பெனிப் பாக்ஸோடு ஒட்டியிருந்த காலி டப்பா ஒன்று, ரெசனேட்டர், எதற்கென்றே தெரியாமல் தூக்கி எறிந்தீர்களே, அது முக்கியமாக முழக்கத்தை அடக்கத்தான், கூடவே சில கார்களில் இந்தப் பள்ளத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தது. வேறு மருந்து இல்லை, அதைத் திரும்ப மாட்ட வேண்டும். அல்லது அந்த ஆர்பிஎம்மில் ஓட்டாமல் ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள்.

சத்தம் உண்டு, நொடிக்கணக்கு மாறவில்லை

முன்பு இன்ஜின் 3000-ல் போட்ட சத்தத்தை இப்போது 2000-லேயே போடுகிறது. காது அந்தச் சத்தத்துக்கு உரிய வேகத்தை எதிர்பார்க்கிறது, வண்டி 2000-க்கு உரிய வேகத்தைத் தருகிறது, அந்த இடைவெளிதான் "இழுவை இல்லை" என்று தோன்றுகிறது. ஸ்டாப்வாட்ச் சொல்வதை நம்புங்கள். கம்பெனி பாக்ஸுக்குள்ளேயே உட்காரும் நல்ல ஃபில்டர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் சத்தத்துக்காகவே மாட்டியவரிடம் போய் அதைச் சொல்லிப் பயனில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, வாரண்டிக் காலத்தில் சர்வீஸ் சென்டரில் பேச்சு வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மழைக்குப் பிறகு

குழாயை நீட்டி ஃபில்டரைப் பம்பருக்குள் கீழே வைக்கிற வகை இருக்கிறதே, அதற்குச் சூட்டுப் பிரச்சினை இல்லை, தண்ணீர்ப் பிரச்சினை. மழையில் ஓட்டிய மறுநாள் மந்தம், டிரிம் கண்டபடி ஆடினால் ஃபில்டர் நனைந்திருக்கிறது அல்லது மாஃபில் சேறு தெறித்திருக்கிறது. கழற்றிக் காயவையுங்கள். தேங்கிய நீரில் போகும்போது வண்டி அணைந்தால் மட்டும் திரும்பக் கிளப்பவே கூடாது. தண்ணீரை அழுத்த முடியாது, பிஸ்டன் முட்டும், கனெக்டிங் ராடு வளையும். டோயிங் வண்டிக்குச் சொல்லி, ஸ்பார்க் பிளக் கழற்றி, கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கம்பெனி பாக்ஸ் இருந்த கார்களுக்கே இந்தக் கதி. பம்பர் உயரத்தில் ஃபில்டர் இருந்தால் அந்த அளவு வெள்ளம்கூட வேண்டாம், ஒரு சுரங்கப்பாதை போதும்.

பழைய பாக்ஸ் மாட்டியும் சரியாகவில்லை

அப்படியானால் கிட்டை விடுங்கள். மேட்டில் நான்காவது கியரில் 40-ல் முழுக்க மிதித்துப் பாருங்கள், ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயரில் காற்று, ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி, பெட்ரோல் பம்ப், அடைத்துக்கொண்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று அதற்கப்புறம் போகலாம். என் நண்பர் ஒருவர் இரண்டு வாரம் இன்டேக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார், கடைசியில் ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் புதிதாக வாங்கிப் போட்ட தடித்த மேட் மடிந்து கிடந்தது, பெடல் முக்கால்வாசிதான் இறங்கிக்கொண்டிருந்தது.